அழிக்காமல் விட்டது

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காலம் வந்தால் மரக்காணத்தில் உப்புப் பாத்தி வேலை நின்றுவிடும். போன வருஷம் அந்த மாதங்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டேன். மொத்தம் நாலு கம்ப்யூட்டர். வருகிறவர்கள் பேரை நோட்டில் எழுத வைப்பதும், அவர்கள் எழுந்து போனதும் குக்கீகளை அழிப்பதும் என் வேலை. வந்தவர் யார் என்று கம்ப்யூட்டர் தனக்குள் வைத்துக்கொள்ளும் குறிப்புக்குத்தான் குக்கீ என்று பேர். அதை விட்டுவைத்தால் அடுத்து உட்காருகிறவர் முந்தினவரின் மெயிலைத் திறந்துவிடலாம், அடுத்தவர் கடிதத்தைப் படிக்க விடுவது சட்டப்படியும் தப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கெங்கே அமுக்க வேண்டும் என்பதை இடத்தை வைத்தே மனப்பாடம் செய்திருந்தேன். 'நீங்கள் எழுந்ததும் உங்கள் குறிப்புகளை அழித்துவிடுவோம்' என்ற தாளைச் சுவரில் பசை தடவி ஒட்டியதும் நான்தான்.

முதல் பத்து நாள் ஒழுங்காக அழித்தேன். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வருகிறவர்கள் சலித்துக்கொண்டார்கள். "இன்னாபா, காலைல அடிச்சேன், இப்பவும் புதுசா பேர் அடிக்கச் சொல்லுது. உன் கம்ப்யூட்டருக்கு எங்க மூஞ்சியே ஞாபகம் இருக்காதா?" என்று ஒருவர் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பாத்தியில் உப்பு வாரும்போது அடி உப்பைக் கொஞ்சம் விட்டுத்தான் வாருவோம். ஒட்டச் சுரண்டினால் சேறு கிளம்பிவிடும், அடுத்த உப்பும் அழுக்காகும். அதே பழக்கத்தில், இதுவும் கொஞ்சம் இருந்தால்தான் வருகிறவர்களுக்கு நல்லது என்று நினைத்தேன். கடை சாத்தும்போது ஒரு தடவை மட்டும் அழிக்க ஆரம்பித்தேன்.

மத்தியானத்தில் ஒரு பெண் வருவாள், கூடவே அவள் சிநேகிதி. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு வீட்டுக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருந்தாள். இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி மெயில் வந்த அன்றைக்கு இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்ததைப் பார்த்தேன். எழுந்து போகும்போது, "அழிச்சிடுவீங்க இல்லண்ணா?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

சாயங்காலம் அவள் அண்ணன் கிரிக்கெட் படம் பார்க்க வந்து அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். போகும்போது என்னிடம், "மேடம் மெட்ராஸ் போறாங்களாமே, நீயும் டிக்கெட் எடுத்துட்டியா?" என்றான். நான் அழிக்காமல் விட்டதால் அவள் மெயிலை அவன் படித்துவிட்டான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நோட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் போகவிடாமல் இன்டர்வியூ நாள் தாண்டிய பிறகு, குடையோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அன்றைக்கு அவளைத் தனியாகத்தான் பார்த்தேன்.

"எங்க வீட்ல நீங்க ஏதாவது சொன்னீங்களாண்ணா?"

"நான் யார்கிட்டயும் சொல்லலம்மா."

"அப்போ அவதான். அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கூப்பிடவில்லை.

வெயில் வந்ததும் பாத்திக்குத் திரும்பிவிட்டேன். அவள் இப்போது இங்கேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். காலையில் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரையும் பார்க்கிறேன். ஒருத்தி புளியமரத்தடியில் நிற்பாள், ஒருத்தி டீக்கடை ஓரத்தில். சிநேகிதி சில நாள் இவள் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். இவள் பார்க்க மாட்டாள்.

போன வேலையை என்னால் வாங்கித் தர முடியாது. அந்தச் சிநேகிதி எதுவும் சொல்லவில்லை, நான்தான் அழிக்காமல் விட்டேன் என்பதையாவது சொல்ல வேண்டும். மூன்று முறை ஜெராக்ஸ் கடை வரைக்கும் போய், ரேஷன் கார்டை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நாளைக்கு இந்தத் தாளைக் காப்பி எடுக்கச் சொல்லி அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.

18 டிசம்பர் 2006, திங்கட்கிழமை.