வெளியே போக ஒரு கையெழுத்து

லுவோ பெய்லானுக்கு முப்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தபோது மாவட்டப் புள்ளியியல் அலுவலகம் அந்த அறிவிப்பை வெளியிட்டது. ஒரே ஒரு இடம். ஒன்றியங்களில் வேலை பார்ப்பவர்கள் தேர்வு எழுதலாம். முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. இப்போது இருக்கும் இடத்தின் சம்மதம் வேண்டும். சம்மதம் என்றால் ஒன்றியச் செயலாளரின் கையெழுத்து, அதன்மேல் சிவப்பு முத்திரை.

தேர்வைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. கையெழுத்து என்ற சொல்லில்தான் அவள் கண் நின்றது. இதோடு மூன்றாவது தடவை.

யுன்பிங் ஒன்றியத்துக்கு அவள் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஐந்து வருடத்துக்கு எங்கும் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தாள். அப்போது மகள் சின்சின் தவழ்ந்துகொண்டிருந்தாள். கணவன் ஹாவ் ஜின்பெங் மாவட்டத் தலைநகரில் கணக்கு வாத்தியார். அரசாங்க வேலை கிடைக்கும்போது எந்த ஊர் என்று கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை. ஐந்து வருடம்தானே, ஓடிவிடும் என்றான் ஜின்பெங்.

யுன்பிங்கில் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டி ஒரு சாலை. அதிலிருந்து பிரிந்து மேலேறிப் போனால் பதினோரு கிராமங்கள். சாலை கணவாயைத் தாண்டி மாவட்டத் தலைநகரைத் தொட இரண்டரை மணி நேரமாகும், மழை பெய்தால் கணக்கில்லை. ஒன்றியத்தின் நிலை என்று வருடா வருடம் நான்கு பக்கம் எழுதி மேலே அனுப்புவது பெய்லானின் வேலை. பரப்பு நூற்று முப்பத்தேழு சதுர கிலோமீட்டர், உழக்கூடிய நிலம் அதில் பத்தில் ஒரு பங்கு. புகையிலை, மக்காச்சோளம், கொஞ்சம் அக்ரூட் மரங்கள். மக்கள்தொகை பதினான்காயிரத்துச் சொச்சம். அந்த இடத்தில் மட்டும் அவள் கை ஒரு கணம் நிற்கும். பதினான்காயிரம் பேர் பதிவேட்டில் இருந்தார்கள். ஊரில் ஆறாயிரம் பேர்கூட இல்லை. மற்றவர்கள் டோங்குவான் போன்ற கடலோர நகரங்களில் செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டிக்கொண்டோ கைப்பேசிக்கு உறை வார்த்துக்கொண்டோ இருந்தார்கள்.

"நம்ம ஒன்றியத்தோட முக்கிய விளைச்சல் என்ன தெரியுமா? ஆளுங்கதான். நல்லா வளந்ததும் ஏத்துமதி பண்ணிடறோம்" என்பார் அலுவலகச் சமையற்கட்டில் இருக்கும் கிழவர் ஃபூ. எல்லோரும் கிளம்பிப் போகிற அந்த ஊரில், கிளம்பக் காகிதம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அலுவலகத்துக்காரர்கள் மட்டுமே.

முதல் தடவை அவள் படிவத்தோடு போனபோது செயலாளர் தாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சு வருஷம் முடியலையேம்மா, சின்ன லுவோ. அந்த விதிய நானா போட்டேன்?"

மறுவருடம் ஐந்து முடிந்திருந்தது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்திருந்தது. "இந்த நேரத்துல உன்னை அனுப்பிட்டு நான் பதினோரு ஊரையும் விரல் விட்டு எண்ணவா?" என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க பெய்லான் பதினோரு கிராமங்களையும் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

தாங் கெட்டவர் இல்லை. அவரே மூன்று வருடத்துக்கென்று வந்து ஒன்பதாவது வருடத்தில் இருந்தார். ஒருவரை விட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வர மாட்டார் என்பது அவருக்குத் தெரியும், பெய்லானுக்கும் தெரியும். அதனால்தான் அவளால் சண்டை போட முடியவில்லை. கோபப்படுவதற்கு ஓர் ஆள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

மகள் மாவட்டத் தலைநகரில் அப்பாவோடு இருந்தாள். பெய்லான் வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பி ஞாயிறு திரும்புவது என்று ஏற்பாடு. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை மேலிடத்து ஆய்வோ கூட்டமோ ஏதாவது வந்து கெடுக்கும். ஒருநாள் கைப்பேசித் திரையில் சின்சின் முகத்தை மிக அருகில் கொண்டுவந்து கேட்டாள்: "அம்மா, இந்த வாரம் நீ வர்றியா, இல்ல ஆய்வுக்குழு வருதா?"

ஏழு வயதுக் குழந்தை ஆய்வுக்குழு என்ற சொல்லை எங்கே பிடித்தாள் என்று பெய்லானுக்குச் சிரிப்பு வந்தது. அழைப்பை முடித்த பிறகு நாட்காட்டியில் வரப்போகும் வெள்ளிக்கிழமைகளை எண்ணினாள்.

இந்தத் தடவை விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் பதினெட்டு, மாலை ஐந்து மணி. கையெழுத்திட்ட படிவத்தை ஒன்றிய அலுவலகக் கணினியிலிருந்தே அனுப்பிவிடலாம். ஜூன் எட்டாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளக் காவல் உத்தரவு வந்தது. யாரும் ஒன்றிய எல்லையைத் தாண்டக் கூடாது. பெய்லான் படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நான்கு நாள் தாங்கின் கதவருகே நின்றாள். ஒருநாள் கூட்டத்தில் இருந்தார். ஒருநாள் அணைக்கட்டுக்குப் போயிருந்தார். மற்ற இரண்டு நாளும், "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

பதினெட்டாம் தேதி காலை அவரே கூப்பிட்டார்.

"உக்காரு. இன்னிக்குத்தானே கடைசி?"

"ஆமா, செயலாளரே."

"போயிட்டா எங்களை மறந்துருவ."

"மறக்கணும்னு நெனச்சாலும் பதினோரு ஊரும் மண்டையில இருக்குதே."

அவர் சிரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். அப்போது மேசைமேல் தொலைபேசி அடித்தது.

ஷாங்யா கிராமத்திலிருந்து. பள்ளிக்கூடத்துக்கு மேலே சரிவில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. தாங் எழுந்து மழைக்கோட்டை மாட்டினார். பேனா படிவத்தின்மேல் அப்படியே கிடந்தது. கையெழுத்துப் போட மூன்று நொடிதான் ஆகியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவள் சொல்லவில்லை. பின்னாளில் இதை அவள் நூறு தடவை யோசித்திருக்கிறாள். அந்தக் கணத்தில் அவள் மண்டைக்குள் ஷாங்யாவின் வீடுகள் வரிசையாக ஓட ஆரம்பித்திருந்தன.

"கிராமத் தலைவரு எங்க?" என்றார் தாங், ஜீப்பில் ஏறிக்கொண்டே.

"மாவட்ட ஆஸ்பத்திரில. பதிவேட்டை வச்சுப் பூட்டிட்டுப் போயிருக்காரு."

"எத்தனை வீடு?"

"நாப்பத்தொண்ணு. பதிவேட்டுல நூத்தி அறுபத்தெட்டு பேரு. உண்மையில மேல இருக்கறது இருபத்தொம்பது."

தாங் திரும்பி அவளைப் பார்த்தார். "சரி. நீயும் ஏறு."

பாதி மலை வரை ஜீப், அதற்கு மேல் நடை. மின்சாரம் போயிருந்தது, கைப்பேசிக்கு அலையில்லை. ஆட்களைச் சரிவுக்கு எதிர்ப்புறத்துப் புகையிலைக் கொட்டகையில் சேர்க்கச் சொன்னார் தாங். பெய்லான் பெயரைச் சொல்லச் சொல்ல ஊர்க்காவல்காரர்கள் ஓடினார்கள். காது கேட்காத தம்பதி கிணற்றுக்குப் பின்வீட்டில். கதவைத் தட்டாதீர்கள், ஜன்னல் வழியாகக் கை காட்டுங்கள். கால் முறிந்தவர் மாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறையில் படுத்திருப்பார். பிற்பகலுக்குள் கொட்டகையில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு. உச்சியில. ஷியாங் தெகுய்" என்றாள் பெய்லான்.

"தெகுய்யா? அவன் டோங்குவான்லல்ல இருக்கான்?" என்றார் ஓர் ஊர்க்காவல்காரர்.

"பதிவேட்டுலதான் அங்க இருக்காரு. பிப்ரவரியில நான் புகையிலை நாத்து பாக்க வந்தப்ப அவர் வீட்டுக் கொடியில ஈரச் சட்டை தொங்குச்சு."

அந்த ஊர்க்காவல்காரரைக் கூட்டிக்கொண்டு அவளே ஏறினாள். தெகுய் கூடத்தில் கணப்பு அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், எழுபது போலத் தெரிந்தார். கல் அறுக்கும் பட்டறையில் பதினெட்டு வருடம் வேலை செய்து நுரையீரலில் கல்தூசி படிந்து கெட்டுப் போயிருந்தது.

"நான் டோங்குவான்ல இருக்கேன். பதிவேட்டைப் பாரு. அங்க வந்து கூப்பிடு" என்றார் அவளைப் பார்த்ததும்.

"அங்க வர்றதுக்கு எனக்கே கையெழுத்துக் கெடைக்கலண்ணே."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இன்னுமா போடல அந்தாளு? ஊரே பேசுது."

"இன்னிக்குப் பேனாவை எடுத்தாரு. உங்க மலை வெடிச்சிருச்சு."

"அப்ப பழி என் தலையிலயா?"

"எந்திரிச்சு வந்தீங்கன்னா இல்ல."

அவர் எழவில்லை. அடுப்புச் சாம்பலைக் கிளறினார். "கீழ போட்டோ எடுப்பீங்க. அது ஊர்க்காரன் போனுக்கெல்லாம் போகும். எம் பொண்டாட்டி அங்க செருப்புக் கம்பெனில இருக்கா. நான் வேற ஊர்ல வாட்ச்மேன் வேலையில இருக்கேன்னு நெனச்சிட்டிருக்கா. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருவா. வந்து என்ன பண்ணுவா, நான் மூச்சு விடறதப் பாத்துட்டு உக்காந்திருப்பாளா?"

"போட்டோ எடுக்க விடமாட்டேன். என் பொறுப்பு."

"உன் பேச்ச யார் கேப்பா?"

"இன்னிக்குக் காலைலருந்து எல்லாரும் கேக்கறாங்க" என்றாள் பெய்லான். சொன்ன பிறகு அவளுக்கே அது உண்மையென்று தோன்றியது.

தெகுய் பத்து அடிக்கு ஒருமுறை நின்றார். ஒரு கை ஊர்க்காவல்காரர் தோளில், இன்னொரு கை இவள் தோளில். அந்த ஒற்றையடிப் பாதையில் ஒரு வளைவில் அவர் மூச்சு வாங்க நின்றபோது பெய்லான் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு இருபது. இங்கிருந்து பறந்தால்கூட அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரம். நனைந்த மக்காச்சோளத் தட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெகுய் அவள் முகத்தைக் கவனித்தார் போலிருக்கிறது.

"மணி ஆயிருச்சா?" என்றார்.

"ஆகட்டும். மெதுவா வாங்க."

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சரிவு இறங்கியது. ஆறு வீடுகள் போயின, தெகுய்யின் வீடும் அதில் ஒன்று. ஓர் உயிரும் போகவில்லை. கொட்டகையில் யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க முயன்ற பிரச்சாரப் பிரிவுக்காரரிடமிருந்து பெய்லான் கைப்பேசியைப் பிடுங்கி வைத்திருந்தாள்.

மாவட்டத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே, வெள்ளத்தில் முன்னணியில் நின்ற ஊழியர்களை அவரவர் ஒன்றியமே தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. கிழவர் ஃபூ இரண்டையும் படித்துவிட்டு, "நல்லா வேலை செஞ்சா இதான் தண்டனை" என்று அவள் கிண்ணத்தில் புகையூட்டிய பன்றி இறைச்சி இரண்டு துண்டு அதிகமாகப் போட்டார்.

அக்டோபர் கடைசியில் தாங்கை மாவட்டத்துக்கு உயர்பதவியில் அழைத்துக்கொண்டார்கள். கிளம்புகிற நாளில் பெய்லானைக் கூப்பிட்டு, இழுப்பறையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தது. முத்திரையும் இருந்தது.

"தேதி போடல. அடுத்த வருஷம் அறிவிப்பு வந்தா நீயே போட்டுக்க. புதுசா வர்றவங்க கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"எனக்கு இந்த மாசம் முப்பத்தஞ்சு முடிஞ்சிருச்சு, செயலாளரே."

அவர் முகம் மாறியது. "சொல்லியிருக்கலாமேம்மா."

"பொறந்த தேதி படிவத்துல மூணாவது வரியில இருக்கு."

தாங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரியைப் படித்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் கையிலேயே பிடித்திருந்தார். வெளியே அவருடைய கார் காத்திருந்தது. பெய்லான் அதை அவரிடமிருந்து வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது ஜின்பெங்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலை நிமிராமல் மாணவர்களின் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தான். இவனுக்கு இது பழகிப் போய்விட்டது என்று நினைத்து அவள் மனம் இன்னும் கசந்தது.

பள்ளிகளில் வசந்தகாலப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் யுன்பிங் பாலத்தருகே பேருந்து நின்றது. ஜின்பெங் இரண்டு பெட்டியோடும் ஒரு மெத்தைச் சுருளோடும் இறங்கினான். பின்னாலேயே சின்சின். பெய்லான் அலுவலக வாசலிலிருந்து பார்த்துவிட்டு, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்து ஓடினாள்.

"ஒன்றியப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தல் வாங்கிட்டேன்" என்றான் அவன்.

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். ஆறரை வருஷமா நான் வெளிய வர்றதுக்கு வழி தேடிட்டிருக்கேன். நீ உள்ள வந்து நிக்கற. இனி நான் எங்க போறதாம்?"

"விண்ணப்பம் போட்டு மூணே நாள், பெய்லான். கல்வி அலுவலகத்துல ரெண்டு தடவை கேட்டாங்க, உள்ள போறதுக்கா, வெளிய வர்றதுக்கான்னு." அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "எனக்கு வேற வழி தெரியல. வெள்ளிக்கிழமைக்காகவே உக்காந்திருக்க என்னால முடியல."

பாலத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். புகையிலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், "வாத்தியாரே, வழி தப்பி எறங்கிட்டீங்களா?" என்று கேட்டார். சின்சின் அதற்குள் ஆற்றை எட்டிப் பார்க்கப் போயிருந்தாள். பெய்லான் மெத்தைச் சுருளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த தன் ஒற்றை அறையை நோக்கி நடந்தாள்.

ஒரு வாரம் அவனோடு சரியாகப் பேசவில்லை. மகள் அருகில் தூங்குவது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தாலேயே தான் இங்கே நிரந்தரமாகிவிட்டோம் என்று தோன்றிப் பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. காலையில் மாவட்டப் பேருந்து கணவாய்ச் சாலையில் ஏறும் சத்தம் கேட்டால் இன்னமும் கை வேலையை நிறுத்திவிடும்.

ஜின்பெங்குக்கு முப்பத்தோரு மாணவர்கள். மழையைத் திட்டினான், குளிரைத் திட்டினான், இடைப்பருவத் தேர்வில் ஷாங்யா பிள்ளைகள் கணக்கில் நன்றாகச் செய்ததை வந்து சொன்னான். ஒருநாள் சாப்பிடும்போது, "நம்ம ஊர்ல இந்தக் கடுகுக்கீரை ஊறுகா மட்டும் தனி ருசி" என்றான்.

பெய்லான் கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தாள். "உன் ஊரு. எனக்கு இது வேலை பாக்கற எடம்."

சொல்லிவிட்டு ஊறுகாய் ஜாடியை அவன் பக்கம் நகர்த்தினாள்.