இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர்

மாத்தளை டவுனில் ஜவாஹிரின் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எந்த ஊர் என்று கேட்டார்கள். யோகமலர், "பலாபத்வல" என்றாள். பொய்யில்லை. பலாபத்வலயில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் மேலே ஏறினால் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அக்கா ராசம்மாவோடு இருந்தாள். அந்த மூன்று மைலை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா செத்த பிறகு அவளைப் படிக்க வைத்தது அக்காதான். தங்கச்சி படித்து முடிக்கட்டும், முடிக்கட்டும் என்று கொழுந்து பறித்ததில் ராசம்மாவுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது.

2008இல் சரோஜினிதேவி என்றொரு அம்மா நிறுவனத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளார்க், வீட்டிலிருந்தே கல்யாணத் தரகு பார்த்தார். பெண்களின் விவரமெல்லாம் கைத்தொலைபேசியில் வரிசையாக வரவேண்டும் என்றார்.

அந்தக் காலத்து ஃபோன்களுக்கான ஜாவா நிரல்மொழியில் பட்டியலை வரிசைப்படுத்தத் தயாராக எதுவும் கிடையாது. இரண்டு பெண்களை எடுத்து ஒப்பிட்டு, யார் முன்னால் என்று சொல்லும் பகுதியை யோகமலரே எழுதினாள். வயது குறைந்தவள் முதலில். வயது ஒன்றென்றால் படிப்பு. அதுவும் ஒன்றென்றால் உயரம். எழுதி ஓடவிட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

சரோஜினிதேவி பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தார்.

"எல்லாத்துக்கும் முதல் பூர்வீகத்தைப் பாக்கவேணும் பிள்ளை. தோட்டத்து ஆக்களைப் பட்டியல்ல இருந்து அழிக்க வேண்டாம், பாவங்கள். கடைசியில நிக்கட்டும்."

யோகமலர் தலையாட்டினாள். மூன்றே வரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டாள்.

மறுநாள் தரகு வீட்டில் சேர்ந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் ஏற்றி, எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினார்கள். கடைசிப் பெயர் ராசம்மா. தோட்டத்துப் பெண்களிலும் வயது கூடியவள் அவள்தான். அக்கா பெயர் கொடுத்திருப்பது யோகமலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரோஜினிதேவி அந்தப் படிவத்தை உரக்க வாசித்தார். "'எனக்கு நல்லா சமைக்க வரும். கோவம் வராது. தங்கச்சி பெரிய படிப்பு படிச்சிருக்கு.' கேட்டியளே? தங்கச்சியின்ர படிப்பைக் காட்டிக் கலியாணம் முடிக்கப் பாக்கிறா!"

ஜவாஹிர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"பலாபத்வலப் பக்கம்தானே இது. பிள்ளை, உமக்குத் தெரியுமோ?"

"தெரியாதுங்க மேடம்" என்றாள் யோகமலர். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள், மற்றவர்களைவிடச் சத்தமாக.

அன்று லயத்துக்கு வந்தபோது ராசம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒரு தரகு அம்மாகிட்ட பேர் குடுத்திருக்கேன் மலரு. சொல்ல வெக்கமா இருந்திச்சு. இப்ப ஃபோன்லயே பாக்குறாங்களாமே, சீக்கிரம் வருமா?"

"என்னைப் பத்தி ஏன் அதுல எழுதுன?"

"ஒம் பேர எழுதலையே. தங்கச்சின்னு மட்டும்தான..."

"என்னைக் காட்டிக் குடுக்க அது போதும். இருநூத்துப் பன்னெண்டு பேர்ல நீ கடைசி. தோட்டம்னா கடைசி. வயசுக்கும் கடைசி. ஒருத்தனும் அவ்வளவு தூரம் பாக்க மாட்டான்."

ராசம்மாவின் கை நின்றது. "யாரு அப்படிப் போட்டது?"

"நான்தான்."

ராசம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சரியா வேல செய்யுதா?"

"செய்யுது."

ராசம்மா தங்கச்சிக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகு வீட்டுக்குப் போய்ப் படிவத்தைத் திருப்பி வாங்கி, வரும் வழியிலேயே கிழித்துப் போட்டாள்.

ஆறு மாதத்தில் கலேவெலவில் காய்கறிப் பயிர் செய்யும் ஒரு தாரமிழந்தவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவருக்கு வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். கல்யாணம் முடிந்து நாலு நாள் கழித்துத்தான், பக்கத்து லயத்து நல்லம்மா மூலம், யோகமலருக்கு விஷயம் தெரிந்தது. அவள் அப்போது டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஜவாஹிர் அதே மென்பொருளை இன்னும் மூன்று தரகர்களுக்கு விற்றிருந்தார். அந்த மூன்று வரியை எடுக்கும்படி யாரும் கேட்கவில்லை, அவளாகவும் எடுக்கவில்லை.

ஒரு சேலை வாங்கிக்கொண்டு கலேவெலவுக்குப் போனாள். ராசம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். சேலையை வாங்கிப் பிரிக்காமல் ஜன்னலில் வைத்தாள்.

"வாங்க, போங்க" என்றுதான் பேசினாள். கோப்பை காலியானதும் கேட்டாள்:

"ஒங்களுக்கு எத்தன மணிக்கு பஸ்?"