அத்தைக்குக் கொடுத்த புதினா மிட்டாய்

என் அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் சிகரெட் பெட்டியும் புதினா மிட்டாயும் சேர்ந்தே இருக்கும். சிகரெட் அவருக்கு, மிட்டாய் அத்தைக்கு. வீட்டுக்கு ஒரே மகளான எனக்கு அந்த மிட்டாயில் பங்கில்லை என்பது அப்போது பெரிய மனக்குறை.

அத்தை அப்பாவின் தங்கை. மலேசியாவின் கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தார். அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸி வேலை. தாதி என்று எழுதுவோம், கூப்பிடுவது மிஸ்ஸி என்றுதான். சிகரெட்டை நிறுத்த வருகிறவர்களுக்கு யோசனை சொல்வது அவர் பொறுப்பு. வந்தவர்களை ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொல்வார். புகைக்கிறவர் என்றால் சிவப்பு விளக்கு எரியும், இல்லையென்றால் பச்சை. இதை நான் எங்கள் மாடி முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். மாடி ஏறும்போது நடுவில் நின்று, யாரோ கூப்பிட்டதுபோலக் கீழே எட்டிப் பார்ப்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்த நடிப்பு.

"ஊருக்கெல்லாம் சொல்ற, ஒங்க அண்ணனுக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிற. சொல்லு லா," என்று அம்மா அத்தையிடம் கெஞ்சுவார். அத்தையும் "அண்ணே, இந்த சிகரெட்ட..." என்று தொடங்குவார். அதற்குள் அப்பா ஒரு மிட்டாயை நீட்டிவிடுவார். அத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். ஒரு மிட்டாய்க்கா இப்படி விலைபோவது என்று எனக்குக் கோபமாக வரும்.

ஒரு பள்ளி விடுமுறையில், டாக்டர் அப்பாவை அத்தையின் அறைக்கே அனுப்பினார். நானும் கூடப் போனேன். அப்பா ஊதினார். சிவப்பு எரிந்தது.

"நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சுண்ணே. இப்ப விடலன்னா..." அத்தை தொடங்கினார்.

அப்பா ஒரு மிட்டாயை எடுத்து மேசையில் வைத்தார். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும். "அத்தே, நீங்க ஊதுங்க," என்றேன்.

அத்தையின் முகம் வெளுத்துப்போனது. "அத்தைக்கு வேல இருக்கு லா, தொந்தரவு பண்ணாத," என்று அப்பா கருவியை என் கைக்கு எட்டாமல் தள்ளிவைத்தார்.

"மெதுவா கொறச்சுக்குங்கண்ணே," என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார்.

என்னை உட்காரவைத்துவிட்டு இருவரும் பின்பக்கம் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தேடிக்கொண்டு போனேன். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் அத்தையின் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆகா, அப்பாவின் சிகரெட்டை அத்தை பிடுங்கிவிட்டார்! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அத்தையின் வீரத்தை மூச்சுவிடாமல் சொன்னேன். அதன்பிறகு அம்மா அத்தையிடம் கெஞ்சுவதை விட்டுவிட்டார்.

பெரியவளான பிறகுதான் புரிந்தது, அத்தையும் புகைக்கிறவர், வாடையை மறைக்கத்தான் அந்தப் புதினா மிட்டாய். அப்பா கடைசிவரை தங்கையைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நன்றிக்கு அத்தை வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் யாரிடமுமே "விட்டுடுங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை, "கொறச்சுக்குங்க" என்றுதான் சொன்னேன் என்று வெகுகாலம் கழித்து அவரே என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு யார் பிழைத்தார்களோ தெரியாது. அப்பா பிழைக்கவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அப்பா இல்லை. அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அத்தை காலடியில் விழுந்து "நான் சொல்லலியேண்ணே, நான் சொல்லலியே" என்று கதறினார். யார் தேற்றியும் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கதவுக்குப் பின்னால் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டேன். ஒரு மிட்டாய் மிச்சம் இருந்தது. கொண்டுபோய் அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

அழுகை சட்டென்று நின்றது. எப்போதும்போல மிட்டாய் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை ஏன் என்னைப் பார்த்துப் பயந்தார் என்பதுதான் அப்போது விளங்கவில்லை.