முட்டுச்சுவர்

துருக்கியில், அக்சராய் சாலையில் எங்கள் ஊருக்கு வெளியே நிற்கும் சத்திரம் சுல்தான்கள் காலத்தது. ஒட்டகங்களோடு வந்த வணிகர்கள் இலவசமாகத் தங்கிப் போன இடம். கப்பலும் ரயிலும் வந்தபின் அங்கே ஒதுங்க ஆளில்லை. பாதி தானாக இடிந்தது. மீதியை எங்கள் ஊர் பெயர்த்தெடுத்தது. மசூதிப் படி, பள்ளிக்கூட அடித்தளம், எங்கள் வீட்டு அடுப்பு எல்லாம் அந்தக் கல்தான்.

கூரையோடு எஞ்சிய ஒரே கூடத்துக்குத்தான் ஷெரிஃபே மணமகளாக வந்தாள். அவள் கணவன் தூர்சுனுக்கு நிலமில்லை. ஆடுகளோடு அங்கேயே குடியிருந்தான். ஊர்ப் பெண்கள் அவளை "மகாராணி" என்று சீண்டுவார்கள்.

"ஆமாடி, என் அரண்மனையில மழை உள்ளேயும் பெய்யும். வந்து நனைஞ்சுட்டுப் போ" என்பாள்.

ஓர் இலையுதிர் காலத்தில் ஊர்த்தலைவர் ரிஃபத், தொழுவம் கட்டக் கல் வேண்டி டிராக்டரோடு வந்தார். கூடத்தின் முட்டுச்சுவரைப் பெயர்க்கத் தொடங்கினார்.

"அண்ணே, அதை விட்டுடுங்க. கூரையே அது மேலதான் சாஞ்சு நிக்குது" என்றான் தூர்சுன்.

"உங்கப்பன் கட்டுன சத்திரமாடா? எழுநூறு வருஷமா நிக்குது, இப்பவா விழப்போகுது?"

"முட்டு இருந்துச்சு, நின்னுச்சு" என்றாள் ஷெரிஃபே. ரிஃபத் அவள் பக்கம் திரும்பாமலே கல்லையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தக் குளிரில் பனி அடைத்துக்கொண்டு கொட்டியது. ஆடுகள் குட்டி போடும் சமயம்; தூர்சுன் கூடத்தை விட்டு நகரவில்லை. ஒரு காலையில் ஷெரிஃபே ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினால், வெள்ளைப் பனிக்கு மேலே புழுதி. ஊரே ஓடியது. எல்லோருக்கும் முன்னால் வெறுங்கையால் கல்லைத் தோண்டியவர் ரிஃபத். நகங்கள் பிய்ந்து ரத்தம் வழிந்தது. தூர்சுனை வெளியே எடுத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

நாற்பதாம் நாள் ஓதல் முடிந்ததும் ரிஃபத் அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்தக் கல்லையெல்லாம் திருப்பிக் கொண்டாந்து போட்டுடறேன்."

"எதுக்கு? உருவினா உங்க தொழுவமும் விழும். மாடு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் நின்ற இடத்திலேயே அழுதார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

மிஞ்சிய ஆடுகளை விற்றுவிட்டு, கொன்யா நகரில் இருந்த அக்காவிடம் போனாள். அடுக்குமாடிகளில் படிக்கட்டு கழுவினாள். சத்திரத்தைச் சீரமைப்பதாகச் சொல்லி அதிகாரிகள் வந்தார்கள். கம்பிவேலி போட்டு, ஆபத்து என்று பலகை மாட்டியதோடு சரி.

போன குளிரில் அவள் இறந்த செய்தி வந்தது. கிழவராகிவிட்ட ரிஃபத், உடலைக் கொண்டுவந்து தூர்சுன் பக்கத்தில் அடக்கலாம் என்று அவள் அக்கா மகனுக்குப் போன் செய்தார்.

"வேணாம்யா. அந்த ஊர் மண்ணு தனக்கு வேணாம்னு சொல்லிட்டுத்தான் சித்தி கண்ணை மூடினாங்க."

எங்கள் மையவாடியில் தூர்சுன் தனியாகத்தான் கிடக்கிறான்.