கத்தரி அக்காவின் ஒற்றை வரி

கணினி நிரலைப் படிக்கும்போது அவருடைய இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும். ஒரு நிபந்தனை வந்தால் கட்டைவிரல். அதற்குள் இன்னொன்று வந்தால் ஆள்காட்டி விரல். ஐந்தும் மடங்கி வலது கையும் தேவைப்பட்டால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார். “எழுதினவரு இதுக்குள்ள போயிட்டு வெளிய வந்தாரா, இல்ல இன்னும் உள்ளயே இருக்காரா?”

வரிகளை வெட்டித் தள்ளுவதால் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி அக்கா என்று பெயர். நாற்பத்திரண்டு வயது. சேர்ந்து ஆறு மாதம்தான். ஆறு முடிந்ததும் வேலை நிரந்தரம் என்பது பேச்சு. “‘உண்மைன்னா உண்மைன்னு சொல்லு, பொய்னா பொய்னு சொல்லு’ன்னு எதுக்கு நாலு வரி? இருக்கறதை அப்படியே சொல்லித் தொலையேன்” என்று நாலையும் ஒன்றாக்கிவிடுவார். என் மேசை இழுப்பறையில் கவிதைப் புத்தகத்தைப் பார்த்த நாளிலிருந்து நான் கவிஞர். “உங்க ஆளுங்க பத்து வரியை ரெண்டாக்கினா கைதட்டுறாங்க கவிஞரே. நான் பண்ணா திட்டுறாங்க.”

சென்ற மாதம், வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் பழைய நிரல் சீர்செய்ய வந்தது. விண்ணப்பித்தவரை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் பகுதி: வயது, வேலை, குடும்பம் என ஏழு அடுக்கு, அறுபது வரி. தாளில் கட்டம் போட்டு, தேவையில்லாததை இரண்டு நாள் அடித்துக்கொண்டே வந்தார். எல்லாம் போய் மிஞ்சியது ஒரே வரி. தனியாக வாழும் பெண் என்றால் மறு.

மேலாளர் பதறிவிட்டார். “என்னம்மா, இப்படிப் பச்சையா இருக்கு? கிளையண்ட் பார்த்தா என்ன ஆகும்? பழையபடியே வெச்சிடுங்க.”

“பழசும் இதைத்தான் சார் செஞ்சுது. அறுபது வரியைப் போத்திக்கிட்டு.”

“அடுத்த வாரம் உங்களை நிரந்தரம் பண்றதைப் பத்திப் பேசணும். ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு சார். ‘பழையபடி மறைச்சு எழுது’ன்னு ஒரு மெயில் போடுங்க. இப்பவே மாத்திடறேன்.”

மெயில் வரவில்லை. வாடிக்கையாளர் கூட்டத்தில் அந்த வரி திரையில் நின்றது. அதை வாய்விட்டுப் படிக்க அவர்களில் யாருக்கும் நா எழவில்லை, அந்த விதியையே எடுத்துவிடச் சொன்னார்கள். அக்காவின் நிரந்தர ஆணையை மூன்று மாதம் தள்ளிவைத்தார் மேலாளர். கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த கோப்பைத் திறந்தார் அக்கா.

போன ஞாயிறு, அவர் அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போன சார்ஜரைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். கதவில் ஓர் ஆணின் பெயர், கீழே அக்காவின் ஒரே ஜோடி செருப்பு.

“அண்ணன் பேரு. வாடகை ஒப்பந்தமும் அவர் பேர்லதான்” என்றார். “ஆறு வருஷமா வெளிநாட்டுல இருக்காரு கவிஞரே. இந்த வீட்டை அவர் பார்த்ததே இல்ல.”