ஆறரை அடி முதலாமாண்டு

நமக்கு ஆகாத பக்கத்துக் கல்லூரி கூடைப்பந்து அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறரை அடி ஆள், இன்று கேளம்பாக்கத்தில் நானும் குமாரும் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினான்.

முதலாமாண்டாம். அந்தத் தாடியைப் பார்த்தால் யார் நம்புவார்கள்?

குமார் நேராகவே கேட்டான். "வயசு இன்னா மச்சான்?"

"பதினெட்டுண்ணா."

"ஐடி கார்டு காட்டு."

காட்டினான். குமார் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதினெட்டுதான்.

"போட்டோல தாடியே இல்லியே" என்றான், விடாமல்.

அவன் கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். "உங்க கேப்டன் எங்க பெரியண்ணன்கூட ஆடினவருண்ணா. அண்ணன் பொண்ணு இப்ப மூணாவது படிக்குது."



அணியில் நீடிப்பதற்காகவே நம் கேப்டன் இந்த வருடம் மூன்றாவது எம்.ஏ. சேர்ந்திருக்கிறார். எந்தப் பாடம் என்று யாருக்காவது தெரியுமா?