படத்தில் இருந்தவனுக்கு வயது ஒன்பது

போன மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையம் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். பேனா போன்ற ஒரு கருவியை உள்ளே விட்டுச் சுழற்றினார்கள். என் தாடை திரையில் கலர் கலராக முளைத்தது. பிறகு கணினியே பல்லையெல்லாம் பார்த்து என் வயதைச் சொன்னது. ஆதாரில் இருப்பதைவிட இரண்டு குறைவு. "ஏஐ சமயத்துல தப்பாச் சொல்லும் அங்கிள்" என்று இளம் டாக்டர் சமாதானம் சொன்னார். தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஓர் இயந்திரம் என்னை இப்படிப் பிடித்திருக்கிறது.

அப்போது நான் சின்னப் பையன். பால்பல் விழாமலே அதன் பின்னால் இன்னொரு பல் முளைத்து, சுறாவுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தேன். தோல் மண்டியில் வேலை பார்த்த அத்தா, என்னையும் அம்மாவையும் ஊருக்குப் புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போனார். தலையைச் சுற்றி வந்து முழுத் தாடையையும் ஒரே படமாக எடுக்குமாம். பல்வலி இல்லாதவர்களுக்குக்கூட ஒரு தடவை எடுத்துப் பார்க்க ஆசை.

மோவாயைக் கட்டையில் வைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இயந்திரம் முனகியபடி காதோரமாக நகர்ந்தது. யாரோ என்னைச் சுற்றி நடந்து, இவன்தானா என்று உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். காதுக்குக் காது ஒரு மண்டை இளித்தது. என் பற்களுக்கு அப்பால், எலும்புக்குள் இன்னொரு வரிசை. எல்லாம் பெரிய பெரிய பற்கள். அதில் இரண்டு, கண்குழிக்குக் கீழேயே பதுங்கியிருந்தன.

"இது யாரு பல்லு?" என்றேன்.

"உள்ள ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்ப்பு. ஒவ்வொண்ணாத் தள்ளிவிட்டுட்டு வெளிய வருவான்."

டாக்டர் தமாஷாகத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். "ஒம்பது வயசுன்னு எழுதியிருக்கு. பல்லு ஏழுக்கு மேல சொல்லலையேம்மா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தாதான் சமாளித்தார். "எங்க வம்சமே அப்படித்தான் சார். எல்லாம் செத்த லேட்டாத்தான் மொளைக்கும்."

டாக்டர் சொன்னதுதான் சரி. எனக்கு முன்னால் ஒருவன் பிறந்து, வயது ஒன்று முடியுமுன்னே காய்ச்சலில் போய்விட்டான். அவன் பெயரையே எனக்கும் வைத்தார்கள். பள்ளியில் சேர்க்கப் போனபோது, தலைக்கு மேலாக வளைத்த என் கை மறுபக்கத்துக் காதைத் தொடவில்லை. அத்தா வீட்டுக்கு வந்து பெட்டியைத் துழாவி, அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினார். அதே பெயர், அதே தகப்பன். யாருக்கு என்ன நட்டம்? அன்றிலிருந்து அவன் வயதில்தான் காலந்தள்ளுகிறேன். பணி ஓய்வும் அவனுக்குத்தான் வரப்போகிறது. இதெல்லாம் என் நிக்காஹ் சமயத்தில்தான் அத்தா வாயிலிருந்து வந்தது.

அந்த வயதில் எனக்கிருந்த கவலை ஒன்றுதான்: உள்ளே இருப்பவன் வெளியே வந்துவிட்டால் நான் எங்கே போவது? முறுக்கைத் தொடவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டே தூங்கினேன். ஒரு பல் ஆடத் தொடங்கியபோது, அவன் கதவைத் தட்டுகிறான் என்றே நினைத்தேன்.

படத்தை அம்மா வைத்துக்கொண்டாள். கைக்குழந்தையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று, மூத்தவனை ஒரு போட்டோகூட எடுக்கவில்லையாம். இந்தப் படத்தின் ஓரத்திலோ அவன் பெயர் இருந்தது. வயது ஒன்பது என்றும் இருந்தது. இருந்திருந்தால் அவனுக்கு அதுதான் வயது.

ஒருநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து சாப்பிட வந்தேன். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கண்குழியோரம் விரலால் வருடிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு வளந்துட்டான் எம்புள்ள" என்றாள்.

என்னைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயத்தையெல்லாம் மறந்து, பல் அத்தனையும் தெரியச் சிரித்தபடி பக்கத்தில் போய் நின்றேன். அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.